மகள் வாங்கிய கிரெடிட் கார்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இனி கிரெடிட் கார்டு பில்லின் அடியில் இருப்பதைக்கூடப் படித்துவிடலாம்!

மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு கார்டு வாங்கிவிட்டாள், பிடுங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பிடுங்கினால் அடுத்ததை உனக்குத் தெரியாமல் வாங்குவாள். பில்லில் மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று போட்டிருப்பார்களே, எனக்குப் பயம் அதில்தான். அதைக் கட்டினால் அபராதம் வராது, யாரும் போன் போட்டு மிரட்ட மாட்டார்கள். பிள்ளைகள் கடனே தீர்ந்த மாதிரி இருந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள். கட்டுவதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடும். அதன்பின் கார்டைத் தொடவே இல்லை என்றாலும், கடன் பாதியாகக் குறைய இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். தொடாமல் எங்கே இருக்கப் போகிறார்கள்? பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக ஒன்றை வாங்கினால், வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாத நாட்களும் பெரும்பாலும் போய்விடும். ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம்: முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் தனி.

அமெரிக்காவில் 2009-இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். 21 வயது ஆகாதவர் கார்டு வாங்க, பில்லைக் கட்டும் அளவு சொந்த வருமானம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெரியவர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி வளாகத்தில் இலவசப் பொருளைக் காட்டி மாணவர்களிடம் விண்ணப்பம் வாங்குவதற்கும் தடை.

சரி, நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லிமிட்டைக் குறைக்கச் சொல். முழு பில்லும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வைக்கச் சொல்; அங்கேயும் ‘குறைந்தபட்சம் மட்டும்’ என்று ஒரு வசதி இருக்கும், தெரியாமல் அதைத் தேர்ந்துவிடப் போகிறாள். ஒழுங்காகக் கட்டி வந்தால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் மதிப்பெண், கைகொடுக்கும், அதையும் சொல்.

அப்புறம், பாக்கி விழுந்துவிட்டால் உன்னிடம் வந்து சொல்ல அவளுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. திட்டுக்குப் பயந்து ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டை வைத்து அடைக்கப் போனால் வட்டி இரண்டு பக்கமும் இழுக்கும். நீ கோபக்காரன், அதனால்தான் சொல்கிறேன். பேச்சைத் தங்கச்சியிடமே விட்டுவிட்டாலும் தப்பில்லை.

பேசிவிட்டு எழுது.

உன் பழைய நண்பன்