நாட்குறிப்பு வெறும் விருந்து வம்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் சோவியத் தூதராக இருந்த இவான் மைஸ்கியின் நாட்குறிப்பை, சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதி 'விருந்து மேசை வம்பு' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவனுக்கு அந்த வரி பெரும் வருத்தத்தைத் தந்தது.

அந்த விருந்து மேசை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், ஹிட்லருக்கு எதிராகச் சோவியத்தோடு கூட்டுச் சேருவது பற்றிய இராணுவப் பேச்சுவார்த்தைக்காக மாஸ்கோ புறப்படவிருந்த பிரிட்டிஷ் அட்மிரல் டிராக்ஸிடம், விமானத்தில்தானே போகிறீர்கள் என்று மைஸ்கி கேட்கிறார். ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் அதிகம், விமானம் தோதுப்படாது என்று பதில் வருகிறது. ஐரோப்பா எரியத் தொடங்கும் வேளையில் மெல்ல ஊரும் ஒரு கப்பலில் ஏறிய அந்தக் குழு, 11ஆம் தேதிதான் மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. 23ஆம் தேதி ஸ்டாலின் அரசு ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தத் திருப்பம் தம் சொந்தத் தூதருக்கே முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்பதையும், அவர் திகைத்து நின்றதையும் அந்த 'வம்பு'தான் நமக்குக் காட்டுகிறது.

அரசு ஆவணங்களே போதும் என்கிறார் தங்கள் விமர்சகர். நான் முப்பது ஆண்டுகள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவன். தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று என் கையாலேயே எழுதிவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர் யார், வாசலில் வைத்துச் சமாதானம் செய்யப்பட்டுக் கையெழுத்திட்டவர் யார் என்பதை அன்றிரவே வீட்டு டைரியில் குறித்து வைப்பேன். இரண்டும் என் எழுத்துதான். மைஸ்கியும் தம் யோசனைகளையே பிரிட்டிஷ் தலைவர்கள் சொன்னவையாக மாஸ்கோவுக்குத் தந்தி அடித்தவர், ஏனெனில் சுயமாக யோசனை சொல்லும் தூதரின் தலை தப்பாத காலம் அது. தந்தியையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்தால்தான் இது புலப்படும்.

அந்தக் காலத்தில் நாட்குறிப்பு வைத்திருப்பதே ஆபத்து. 1953 பிப்ரவரியில், ஸ்டாலின் இறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், உளவாளி என்று மைஸ்கியைக் கைது செய்து நாட்குறிப்பையும் பறித்துக்கொண்டார்கள். 1993இல் வரலாற்றாசிரியர் கேப்ரியல் கொரொடெட்ஸ்கி ரஷ்ய வெளியுறவு அமைச்சகக் காப்பகத்தில் அதைக் காணும்வரை, நாற்பது ஆண்டுகள் அது இருட்டில் கிடந்தது.

தங்கள் இதழ் இப்படி ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது இது முதல் முறையும் அல்ல. ஜெர்மனிக்கு எதிராக மேற்கிலும் திறக்குமாறு சோவியத் கேட்ட இரண்டாம் போர்முனை பற்றித் தாங்கள் வெளியிட்ட தொடர், சர்ச்சிலின் நினைவுகளை மட்டுமே நம்பி எழுதப்பட்டது. அதை மறுத்து நான் அனுப்பிய நான்கு பக்கக் கடிதம் 'தொடர் அருமை' என்ற இரண்டு சொற்களாக அச்சானது. அந்தச் சொற்களை நான் எழுதவே இல்லை.

மைஸ்கி 1945 வரை லண்டனில் தூதராக இருந்தார் என்றும் சென்ற இதழின் அந்த நூல் அறிமுகப் பக்கத்தில் உள்ளது. பிரான்ஸில் போர்முனை திறக்கப்படுவதற்கு முன்பே, 1943இல், அவர் திரும்ப அழைக்கப்பட்டுவிட்டார். அந்த ஆண்டை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கச் செயலாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.