பேச்சிக்கு, அகமதாபாத்திலிருந்து

அன்புள்ள பேச்சி,

உன் கடிதம் கிடைத்தது. ஓட்டப்பிடாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாய் என்று படித்ததும் விடுதியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பள்ளியில் நீ செய்யுளை ராகம் போட்டுச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட வாய் மூடிக் கேட்கும். அந்தப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். தம்பிக்கு ஐடிஐயில் இடம் கிடைத்ததும் நிம்மதியாக இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயில் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது, நம் ஊர்க்காரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கடிதத்தின் கடைசியில், "கதை நன்றாக இருந்தால் போதாதா, படத்தை எந்தப் பாணியில் வரைந்தால் என்ன?" என்று கேட்டிருந்தாய். இந்தப் பருவம் முழுக்க நாங்கள் அனிமேஷன் வகுப்பில் மல்லுக்கட்டுவதே இதோடுதான். அதனால் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

'இளவரசி ககுயாவின் கதை' என்று ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம். 2013-இல் வந்தது. இயக்கியவர் இசாவோ தகாஹாத்தா. மூங்கில் வெட்டும் கிழவருக்கு, ஒளிவிடும் மூங்கிலுக்குள் ஒரு சின்னஞ்சிறு பெண் கிடைக்கிறாள். ஆயிரம் ஆண்டுகளாக ஜப்பானியர்கள் சொல்லிவரும் கதை இது. அதாவது அங்கே எந்தப் பிள்ளைக்கும் முடிவு முன்பே தெரியும். தெரிந்த கதையை எடுத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் தேடியது வேறு ஏதோ ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

மலையடிவாரத்தில் மரமும் ஓடையுமாக வளர்ந்தவளைக் கிழவர் தலைநகருக்கு அழைத்துப் போய் மாளிகையில் வைக்கிறார். பெயர் சூட்டும் விழா நடக்கிறது. அவளுக்காக நடக்கும் விருந்தில் அவள் மட்டும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்த விருந்தினர்கள் முகத்தைக் காட்டச் சொல்லிக் கிழவரிடம் வம்பு செய்கிறார்கள். எல்லாம் அவள் காதில் விழுகிறது. அதுவரை படத்தின் கோடு மெல்லிய பென்சிலும் நீர்வண்ணமுமாக இருக்கும். அவள் எழுந்து ஓடத் தொடங்கியதும் கோடு வெறி பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. கரித்துண்டை அழுத்திப் பிடித்துக் கிழித்த கீறல்கள் திரை முழுக்கப் பாய்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்த பட்டு அங்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பின்னால் விழுகின்றன. மேலே நிலா. வண்ணம் என்று சொல்ல அவளுடைய சிவப்புக் கீழாடையைத் தவிர அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

வகுப்பில் இதை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தோம். நிறுத்தினால் சிலவற்றில் பெண் என்று அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை, நாலைந்து கறுப்பு இழுப்புகள், அவ்வளவுதான். ஓடவிட்டால் அவள் மூச்சிரைப்பது நமக்கு நெஞ்சில் தெரிகிறது. அந்த இடத்தில் அவளுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. இந்த வாழ்வு தனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். கோடு சொன்னதால் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதே காட்சியைப் படத்தின் மற்ற இடங்களைப் போலவே அழகாக வரைந்திருந்தால், ஒரு பெண் ஓடுகிறாள் என்ற தகவல் மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கும், பேச்சி.

இது தற்செயலாக அமைவதில்லை என்பதற்கு அயர்லாந்துப் படம் ஒன்றும் சாட்சி. 'உல்ஃப்வாக்கர்ஸ்' என்று 2020-இல் வந்தது. 1650-ஆம் ஆண்டின் கில்கென்னி நகரில் நடக்கிறது. மதிலுக்குள் இருக்கும் நகரத்தை அந்தக் காலத்து மரக்கட்டை அச்சுப் படங்களைப் போல நேர்க்கோடும் கட்டமுமாக இறுக்கி வரைந்திருக்கிறார்கள். காட்டுக்குள் போனால் பென்சில் தளர்ந்துவிடுகிறது. உருவம் பிடிக்க முதலில் போடும் வட்டங்களைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நகரத்துப் பெண் காட்டுக்குச் சொந்தமாக ஆக ஆக அவளை வரைந்த கோடும் நெகிழ்கிறது. அவள் மாறிவிட்டாள் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டை இப்படிச் சுதந்திரமாக விடுவது எளிது என்று நினைத்துவிடாதே. வழக்கமாக ஒருவர் வேகமாக வரைந்ததை இன்னொருவர் சுத்தமான ஒற்றைக் கோடாகப் படியெடுப்பார். அதில் முதல் கையின் துடிப்பு பாதி செத்துவிடும். துடிப்பைக் காப்பாற்றக் கோடுகளை ஆங்காங்கே இடைவெளியோடு ஓடவிட்டால், கணினியில் வண்ணம் நிரப்பும்போது மூடாத இடத்தின் வழியே வெளியே வழிந்துவிடும். ஆகவே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத மூடிய கோடுகளை வண்ணத்துக்காகவே தனியாக வரைய வேண்டும். அவசரத்தில் கிறுக்கியதுபோல் தெரிவதற்கு அத்தனை கூடுதல் வேலை! இதைக் கேட்டபோது எனக்கு அவர்கள்மேல் வந்த மரியாதைக்கு அளவே இல்லை.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். தகாஹாத்தா ஓவியரே இல்லை. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர். 1959-இல் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்து, மற்றவர்களின் கைகளைக் கொண்டே படம் எடுத்தார். 2018-இல் இறந்தார். ஜப்பானின் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியச் சுருள்களில் அனிமேஷனின் வேர் இருக்கிறது என்று தனியாக ஒரு புத்தகமே எழுதினார். உன்னைப் போலப் பாட்டும் உரையும் படித்தவர்களுக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

ககுயா படத்தின் பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றவர் கஸுவோ ஓகா. 1988-இல் வந்த 'டோட்டோரோ' படத்தின் பின்னணிகளும் அவர் பொறுப்பில் வந்தவையே. அதில் இலை இலையாக, புல் புல்லாகத் திரையின் மூலைவரை பச்சை நிறைந்திருக்கும். இங்கேயோ மரத்தை நடுவில் வரைந்துவிட்டு ஓரங்களை வெற்றுத் தாளாகவே விட்டிருக்கிறார். நிறைக்கத் தெரிந்த கைதான் இப்படி நிறுத்தவும் துணிந்தது. மிச்சத்தை நாம் நம் நினைவிலிருந்து போட்டுக்கொள்கிறோம். நான் அந்த ஓரங்களில் எட்டயபுரம் சாலைப் பனைகளைப் பார்த்தேன், உண்மையாகவே.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இறுதியாண்டுக்கு நான்கு நிமிடப் படம் ஒன்று செய்ய வேண்டும். நம் உப்பளத்தை எடுக்கிறேன். குஜராத்திலேயே கட்ச் பாலைப்பகுதியில் பெரிய உப்பளங்கள் இருக்கின்றனவே, அங்கே போய்ப் பார்த்து வரையலாமே என்று இங்கே கேட்கிறார்கள். நாட்டின் உப்பில் பெரும்பகுதி இந்த மாநிலத்திலிருந்துதான் வருகிறது என்பதும் சரிதான். ஆனால் தூத்துக்குடிப் பாத்தியில் நடந்து வெடித்த பாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுத் திண்ணையில் அத்தை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

உப்புக்கு வண்ணம் பூசுவதாக இல்லை. தாளை அப்படியே விடப்போகிறேன். உப்பு வாரும் பலகை, அதைப் பிடித்த கை, தலையில் சுற்றிய துண்டு, நிழல், பாதம் இவற்றை மட்டும் கரியால் வரைவேன். விடிவதற்கு முன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு அவர்கள் வேலை தொடங்கும்போது தாள் கறுப்பாக இருக்கும், கோடு நிதானமாக இருக்கும். பொழுது ஏற ஏற வெள்ளை பெருகி, கோடுகளைத் தின்றுகொண்டே வரும். பத்து மணிக்கு உப்பு அம்பாரத்தின் பக்கம் நிமிர்ந்து பார்க்கும்போது கண் கூசுமே, அந்த இடத்தில் ஆளே பாதி மறைந்து போக வேண்டும். உப்பு கண்ணுக்கு என்ன செய்கிறது என்று விளக்கும் குரல் ஒன்றும் வைக்கப்போவதில்லை. நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் என்ற கணக்கில் 2,880 தாள்கள். பயமாகவும் இருக்கிறது, எப்போது உட்காருவோம் என்றும் இருக்கிறது.

அதற்கு உன் உதவி வேண்டும். ஜப்பானில் படம் வரைந்து முடித்த பிறகு குரல் கொடுப்பதுதான் வழக்கம். தகாஹாத்தா முதலில் குரலைப் பதிந்துகொண்டு அதற்கேற்ப வரைய வைத்தார். மூங்கில் வெட்டும் கிழவருக்குக் குரல் கொடுத்த தக்கேயோ சிய் 2012-இலேயே இறந்துவிட்டார், படம் அடுத்த ஆண்டுதான் வந்தது. ஆனாலும் கிழவரின் முகம் அந்தக் குரலுக்கே அசைகிறது. எனக்கும் அப்படிக் குரல் முதலில் வேண்டும். அத்தை வேலையைப் பற்றிப் பேசுவதை உன் போனில் பதிந்து அனுப்புவாயா? கேள்வி எதுவும் தயார் செய்யாதே. முதல்நாள் உப்பு வாரப் போன கதையைச் சொல்லச் சொல், போதும். நடுவில் நிறுத்தினால் நிறுத்தட்டும், இருமினால் இருமட்டும், நீ எதையும் வெட்டாதே. மின்விசிறியை மட்டும் அணைத்துவிடு, அதன் இரைச்சலைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. படத்தில் போட அத்தைக்குச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டுவிடு. மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வேறு வழி பார்க்கிறேன்.

மே மாதம் ஊருக்கு வருவேன். அதற்குள் முதல் நிமிடத்தை முடித்துவிட்டால் அத்தைக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். உன் வகுப்புப் பிள்ளைகளில் வரைகிறவர்கள் யாராவது இருந்தால் எழுது, கரியும் தாளும் வாங்கி வருகிறேன்.

உன்,
ஜெபா