வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெங்களூர்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜவ்வாது மலையின் மேற்கு விளிம்பில், ஆலங்காயத்தைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் ஊரில் இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே போன் பேச முடிகிறது. அதற்குக் கைகொடுத்த பெங்களூர்த் தமிழர்களுக்கும், மலைமேல் தோள் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். பணம் தந்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள், உழைப்பைத் தந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆகவே யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் இங்கே இருக்கும். வேறு மலையூர்க்காரர் யாராவது படித்தால் பயன்படட்டும் என்று அளவுகளையும் விடாமல் எழுதியிருக்கிறோம்.

எண்ணிப் பார்த்தால், நன்றியில் பாதிக்கு மேல் "இதை வாங்காதே, அப்படிச் செய்யாதே" என்று தடுத்தவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

முதலில் எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கும் பாய். சிக்னல் பூஸ்டர் கேட்டு வந்த வாடிக்கையாளர்களை, லாபம் வரும் என்று தெரிந்தும், வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். உரிமம் இல்லாமல் பூஸ்டர், அதாவது மொபைல் ரிப்பீட்டர், வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது எங்கள் ஊருக்கு உதவாது. பூஸ்டர் இருப்பதைப் பெருக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது. சிக்னலை 70 டெசிபெல் (அலையின் பலத்தை ஒப்பிடும் அளவு) பெருக்கும் கருவிக்கு, வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையே அதைவிட 15 டெசிபெலாவது கூடுதலான தடுப்பு வேண்டும். ஓட்டு வீட்டில் அது கிடைக்காது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீல் என்று கத்துமே, அதே போல் பூஸ்டரும் தனக்குத்தானே ஊளையிடும். அந்த இரைச்சல் டவரின் காதில் விழுந்து, சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களின் அழைப்பையும் கெடுக்கும்.

அடுத்து, ஊரில் எங்கே எவ்வளவு சிக்னல் என்று அளந்து கொடுத்த தம்பிகளும் தங்கைகளும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பொங்கல் விடுமுறையில் ஊர் வேலை. திரையில் தெரிகிற சிக்னல் கோடுகளை அவர்கள் நம்பவில்லை. எத்தனை டெசிபெலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் *#*#4636#*#* என்று அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் டி.பி.எம். என்ற அளவு கழித்தல் எண்ணாக வரும். 4ஜி-யில் கழித்தல் 90 என்றால் நிம்மதி, 105 என்றால் இழுபறி, 115-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் எடை புரியும்.

அவர்கள் பின்பற்றிய முறை இது. ஒவ்வோர் இடத்திலும் போனை 10 விநாடி ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் பழைய டவரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று கம்பெனி சிம், காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, போனைப் பிடிக்கும் உயரமும் ஒன்றே. அளவோடு பேண்ட் எண்ணையும், அதாவது டவர் எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதையும், குறித்தார்கள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மலை மடிப்பைச் சுற்றி ஓரளவு வளையும். 1800, 2300 போன்றவை பாறையின் நிழலில் செத்துவிடும். நான்கு கோடு தெரிந்தும் அழைப்பு போகாத இடங்களுக்கான விளக்கமும் அவர்கள் அட்டவணையில்தான் கிடைத்தது. டவர் 20 வாட், 40 வாட் என்று கத்துகிறது, போனோ அதிகபட்சம் 0.2 வாட்டில் முனகுகிறது. டவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது டவருக்குக் கேட்காது. இப்படிப்பட்ட இடத்தில் பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோவதும் இதனால்தான், போன் முழு மூச்சில் கத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த அட்டவணையை வைத்துத்தான், டவர் வரும்வரை கீழேயிருந்து பிராட்பேண்டை ரேடியோவில் (கம்பியில்லா இணைப்புக் கருவியில்) மேலே ஏற்றி, வைஃபை காலிங், அதாவது டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே போன் பேசுவது, செய்வது என்று முடிவானது. வடிவமைத்துக் கொடுத்த இரண்டு அக்காக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். தூரம் 8 கிலோமீட்டர், அலை 5.8 கிகாஹெர்ட்ஸ். கண்ணுக்கு நேரே தெரிந்தால் போதும் என்று பலர் நினைப்பார்கள். அலை கம்பிபோல் ஓடுவதில்லை, நடுவில் வெள்ளரிக்காய்போல் உப்பிக்கொண்டு போகிறது. இந்தக் கணக்கில் நடுவழியில் அந்த உப்பலின் ஆரம் சுமார் 10 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது கோட்டைச் சுற்றி 6 மீட்டராவது மரம், மேடு எதுவும் குறுக்கிடக் கூடாது. முனைகளை நெருங்க நெருங்க உப்பல் மெலிந்துகொண்டே வரும்.

எங்கள் முனையில் ஒரு புளியமரம் குறுக்கே நின்றது. வெட்டிவிடலாம் என்றவர்கள் உண்டு. பல தலைமுறை மரத்தை ஒரு கம்பத்துக்காக வெட்டுவதா என்று அக்கா ஒருவர் கேட்டுவிட்டு, கம்பத்தை விளிம்போரமாக 40 மீட்டர் தள்ளிக் குறித்தார். ஒரு கிளையும் போகவில்லை. நனைந்த இலை அலையைக் குடித்துவிடும், கோடையில் அளந்து வைத்த இணைப்பு ஐப்பசி மழையில் படுப்பது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். வனத்துறை நிலத்தைத் தொடாமல், பட்டா நிலத்திலேயே இடம் தந்த குடும்பத்துக்கும் இங்கேயே கும்பிடு.

இரு முனையிலும் 23 டிபிஐ (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறனின் அளவு) டிஷ். ரேடியோ அமைப்பில் நாடு என்ற இடத்தில் வேறொரு நாட்டைப் போட்டுச் சக்தியை ஏற்றும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது, அதற்கும் அக்காக்கள் தடை போட்டார்கள். இந்தியா என்று வைத்தால் சக்தி தானாக வரம்புக்குள் நிற்கும். அந்தச் சக்தியில் மறு முனையில் கழித்தல் 67 டி.பி.எம். வர வேண்டும் என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். கட்டி முடித்ததும் காட்டியது கழித்தல் 84. கருவி பழுது என்று கழற்றப் போனவர்களை, "பொறுங்கள், நீங்கள் பக்கக் கதிரில் நிற்கிறீர்கள்" என்று அக்கா ஒருவர் போனிலேயே நிறுத்தினார். டிஷ்ஷுக்கு முன்பக்கம் ஒரு பெரிய கதிரும் அதன் இரு பக்கமும் சின்னக் கதிர்களும் உண்டு. சின்னதில் சிக்கினால் 15, 20 டெசிபெல் குறைந்தே காட்டும், அங்கேயும் ஏறி இறங்கும் உச்சி ஒன்று இருப்பதால் சரியாக வந்துவிட்டதாக ஏமாற்றும். ஒரு முனையை அசைக்காமல் வைத்து, மறு முனையை இடமிருந்து வலமாக முழு வீச்சுக்கு மெதுவாகத் திருப்பி, இருப்பதில் உயர்ந்த உச்சியைப் பிடித்த பிறகுதான் மேல் கீழ் சாய்வைப் பார்க்க வேண்டும். கடைசியில் கழித்தல் 69 வந்தது. 2 டெசிபெல் வித்தியாசத்துக்கு யாரும் மறுபடி கம்பம் ஏறத் தேவையில்லை.

கம்பம் பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனின் கொடை. கீழே 2 அங்குல ஜி.ஐ. பைப், மேலே ஒன்றரை அங்குலம், மொத்தம் 9 மீட்டர். மூன்று திசையில் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளோடு. கம்பியின் முளை கம்பத்திலிருந்து குறைந்தது நாலரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கிட்டே அடித்தால் காற்றில் பிடிப்பு இருக்காது. கம்பம் துளி சுழன்றாலும் டிஷ் திசை மாறிவிடும் என்பதால், பைப் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் வெறும் போல்ட் இறுக்கத்தை நம்பாமல் ஊடுருவும் துளையிட்டு ஊசி போல்ட் போட்டுத் தந்தார்.

அல்சூரில் சி.சி.டி.வி. வேலை செய்யும் நண்பர், வாங்கி வைத்திருந்த கேபிள் பெட்டியைத் தூக்கிப் பார்த்ததுமே "இது செம்பு இல்லை" என்றார். எடை குறைவு. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அதாவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அது வளைத்தால் ஒடியும், முனையில் நாளடைவில் பூத்துப்போய்த் தொடர்பு விட்டுவிட்டு வரும். மின்சாரமும் இதே கேபிளில் ஏறுவதால், நள்ளிரவில் ரேடியோ அணைந்து எரிகிற நோய்க்குக் காரணம் தேடியே ஆறு மாதம் போயிருக்கும். திருப்பிக் கொடுத்து, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட முழுச்செம்பு கேட்-6 வாங்கிக் கொடுத்தார். குரங்கு கடிக்காமலிருக்க அதைக் கறுப்பு எச்.டி.பி.ஈ. குழாய்க்குள் விட்டது, வீட்டுக்குள் நுழையும் முன் மழைத்தண்ணீர் சொட்டி விழ ஒரு தொங்கல் விட்டது, கேபிளின் இரு முனையிலும் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வைத்துக் கம்பத்தின் எர்த்தோடு சேர்த்தது, எல்லாம் அவர் கைவண்ணம். சித்திரை, வைகாசி இடி எங்கள் மலையில் சும்மா போகாது.

மின்சாரத்துக்கு வழி சொன்னவர் சோலார் வேலை செய்யும் ஸ்ரீராம்புரத்து ஐயா. மேலே ரேடியோவும் இரண்டு வைஃபை பெட்டியும் சேர்ந்து 22 வாட், நாளுக்கு 528 வாட்மணி. இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி மறுபடி அடாப்டரில் இறக்கலாம் என்ற யோசனையை ஒரே வாயில் மறுத்தார். இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே 10 முதல் 20 வாட் தின்னும். வண்டியைவிட மாடு அதிகம் தின்றால் எப்படி? 12 வோல்ட்டை நேரே 24 ஆக ஏற்றும் டி.சி. கன்வெர்ட்டர் போதும் என்றார். பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்மணி லித்தியம் பெரஸ் பாஸ்பேட். அதில் எண்பது சதவீதம் பயன்படுத்தினால், இழப்பு போக, சூரியனே இல்லாமல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் நாள் ஓடும். பேனலை வெயில் நாளுக்குக் கணக்கிடக் கூடாது, மழைமூட்டத்துக்குக் கணக்கிட வேண்டும். இரண்டரை மணி நேரம்தான் நல்ல வெயில் என்று வைத்து, இழப்பையும் சேர்த்தால் 280 வாட் வருகிறது. அதனால் 160 வாட்டில் இரண்டு, தெற்குப் பார்த்து 15 டிகிரி சாய்வில்.

கீழே இணைப்புத் தந்த கேபிள் டி.வி. அண்ணனும் ஒரு தப்பைத் தடுத்தார். வீட்டு இணைப்பை வாங்கி ஊருக்கே பங்குபோட்டு மாதக் காசு வசூலித்தால் அது உரிமமில்லாத சேவையாகிவிடும். 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில், பொது வைஃபை நடத்தும் சின்னக் கடைக்கு உரிமம் தேவையில்லை. அந்த வழியில் பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் மூலம் மளிகைக்கடை அக்கா பெயரில் நடக்கிறது. ஒரு சிக்கல்: முதன்முறை பதிவுக்கு ஓ.டி.பி. வேண்டும், அது மலைமேல் வராது. ஆலங்காயம் போகும் நாளில் கீழேயே முடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

போனில் வைஃபை காலிங்கைத் திறந்து வைக்கக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூட டீச்சர். எல்லாப் போனிலும் அந்த வசதி இல்லை. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்காக, அட்டவணையில் சிக்னல் நன்றாக வந்த மூன்று பாறைகளில் வெள்ளையடித்து, எந்த சிம் எங்கே எடுக்கும் என்று எழுதி வைத்ததும் டீச்சர்தான். அவசர உதவி எண்ணான 112-க்கு மட்டும் சிம் எந்தக் கம்பெனி என்பது பொருட்டில்லை, எடுக்கிற எந்த டவர் வழியாகவும் போகும் என்பதையும் அங்கே எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் டவருக்கு மாற்று ஆகாது. 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதை எடுத்துக்காட்டி எங்கள் மனுவை எழுதிக் கொடுத்தவர் தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்ற தாத்தா. "சிக்னல் இல்லை, ஆவன செய்க" என்று எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டார். ஐந்து தசம இலக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, வீடுகளின் எண்ணிக்கை, தம்பிகளின் அளவை அட்டவணை, பக்கத்து டிரான்ஸ்பார்மர் எத்தனை மீட்டர், லாரி ஏறும் சாலை உண்டா, நிலம் தர இசைபவரின் பட்டா நகல், கிராம சபைத் தீர்மானம். இவ்வளவும் இருந்தால்தான் மனுவைப் படிப்பவர் அடுத்த கேள்வி கேட்காமல் கோப்பை நகர்த்த முடியும் என்றார். மனு போயிருக்கிறது.

உதிரிப் பெட்டி மளிகைக்கடையில் இருக்கிறது: ரேடியோ 1, கன்வெர்ட்டர் 1, சர்ஜ் அரெஸ்டர் 2, முனை செருகிகள் 20, ரப்பர் டேப் 2 சுருள். பீன்யா அண்ணனின் நீள ஸ்பேனரும் அல்சூர் நண்பரின் கிரிம்பிங் கருவியும் தவறி அந்தப் பெட்டியோடு மலையேறிவிட்டன. வரும் ஞாயிறு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்து சேர்க்கிறோம், கூடவே ஆளுக்கு இரண்டு படி சாமை.

இப்படிக்கு,
பெங்களூரில் வேலை பார்க்கும் ஜவ்வாது மலையூர்க்காரர்கள்