வெட்டிய வாய்க்காலை மாரிக்கு முன் அடைத்துத் தாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரைச் சதுப்புநிலங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

எங்கள் சதுப்பில் கிரவல் கொட்டிய டிப்பர்களை நிறுத்தியதற்கு முதலில் நன்றி. யார் கொட்டினார்கள், எப்படிக் கொட்டினார்கள் என்பதெல்லாம் உங்கள் கோவையிலேயே இருக்கிறது. ஆனால் நிலத்தை வடியவைக்கவென்று பெக்கோ இயந்திரத்தால் வெட்டிய வாய்க்கால் இன்றைக்கும் வாவிவரை திறந்தே கிடக்கிறது. கிரவல் விழுந்த இடத்தை மட்டுந்தான் கெடுத்தது. வாய்க்கால் சதுப்பு முழுவதையும் கெடுக்கிறது. அதை அடையுங்கள்.

சதுப்பின் கறுப்புச் சேறு, பன், சம்பு ஆகிய நீர்ச்செடிகளும் கண்டல் வேரும் தண்ணீருக்குள் முழுதாய் மக்காமல் படிந்து உண்டானது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கத் தொடங்கும், நிலம் சுருங்கித் தாழும். அதைவிடக் கெதியாக நடப்பது வேறொன்று. உவர்ச்சேற்றில் இருக்கும் இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டதும் கந்தக அமிலத்தை உண்டாக்கும். முதல் மழை அந்த அமிலத்தையும், அது களியிலிருந்து கரைத்தெடுத்த அலுமினியத்தையும் சேர்த்து வாவிக்குள் இறக்கும். அலுமினியம் செவுளில் படிந்த மீன் மூச்சுமுட்டிச் சாகும். இன்னும் காற்றுப் படாத அடிச்சேற்றில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். எடுத்தவுடன் பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) 6 அல்லது 7 காட்டும். சில கிழமை ஈரப்பதத்தோடு காற்றாட வைத்தபின் 4க்குக் கீழே இறங்கினால் அமிலமண்தான். வெட்டுமுகத்தில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அமிலம் உண்டாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கிணறுகளுக்கு வருவோம். சதுப்பில் தேங்கிய நன்னீர்தான் ஓரத்துக் கிணறுகளில் உப்பை ஏறவிடாமல் தள்ளிப்பிடித்திருந்தது. வாய்க்காலின் அடியோ வாவி மட்டத்துக்கும் கீழே. கோடையில் நன்னீர் அதன் வழியே வடிய, உவர்நீர் அதே வழியே ஏறுகிறது. சேற்றிலிருந்து கரைந்த இரும்பும் கூடவே வருகிறது. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் மைபோல் கறுக்கும். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். பள்ளிக்கூடச் சட்டைகள் மஞ்சளிக்கின்றன. பவுசர் வரும் நாளில் குடமும் கானுமாகக் காத்துநிற்கும் பெண்கள் அன்றைய கூலியை இழக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் கிணறு இருக்க, தண்ணீருக்கு வரிசையில் நிற்பதை எத்தனை கோடைக்குப் பொறுப்பது?

உலக ஈரநில நாளான பெப்ரவரி 2ஆம் திகதி ஒவ்வோர் ஆண்டும் பதாகை கட்டிக் கண்டல் நடுகிறோம். நீரோட்டத்தைச் சரிசெய்யாமல், பன் வளரும் நன்னீர்ச் சதுப்பில் நட்டால் கண்டலும் நிற்காது, பன்னும் போய்விடும். ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தமான ராம்சர் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 1990இல். அம்பாறையின் குமனை அதன் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத ஈரநிலங்களையும் அறிவோடு பயன்படுத்துவதாகத்தான் நாடு கையெழுத்திட்டது. கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெலச் சதுப்பில் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் வழியே உப்பேறி வயல்கள் கெட்டன. அந்த உப்பை வடிக்க 1802இல் ஆங்கிலேயர் இன்னொரு கால்வாய் வெட்டத் தொடங்கியும் பழைய வயல்கள் மீளவில்லை. இங்கேயும் அந்த நிலை வரவேண்டுமா?

அடைப்பது பெரிய வேலையல்ல. உப்பு ஏறும் வாவிப்பக்க வாயை முதலில் அடைக்க வேண்டும். இரண்டு வரிசை மரக்கட்டைகளை அடிக்களிவரை இறக்கி (கண்டல் மரம் வேண்டாம்), ஓரத்தில் மண்மூட்டை அடுக்கி, நடுவே களியைத் தட்டி இறுக்குங்கள். கிரவல் போட்டால் நீர் கசியும். பின் உள்ளே போகப்போக, நிலமட்டம் 15 சென்ரிமீற்றர் மாறும் இடந்தோறும் ஓர் அடைப்பு. ஒவ்வோர் அடைப்பும் சதுப்பின் தரையைவிடச் சற்று உயர்ந்திருந்தால் மழைநீர் அதன்மேல் வழியாமல் இருபக்கமும் பரவும். கரையில் குவித்த சேறு புளித்திருந்தால் சுண்ணாம்பு கலந்து, நீர் நிற்கும் ஆழத்தில் போடுங்கள். வாய்க்காலுக்குள் நீர் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் நிற்கிறதா என்று அளவுகோல் நட்டு மாதந்தோறும் பாருங்கள்.

ஒக்டோபரில் மாரி பிடித்துவிட்டால் சேற்றில் பெக்கோவும் இறங்காது, அமிலமும் வாவிக்குள் போய்விடும். ஆகவே செப்டெம்பர் முடிவதற்குள் வாய்க்காலை அடைத்துத் தரும்படி பணிவோடு கேட்கிறோம். கட்டை அடிக்கவும் களி சுமக்கவும் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் எழுத்துமூல அனுமதியும், மட்டம் பார்க்க ஓர் உத்தியோகத்தரும் போதும்.

இப்படிக்கு,
வாவிக்கரைக் குடியிருப்பாளர்கள்,
மட்டக்களப்பு