ஆடிட் பண்றவங்க அரூர் பக்கமும் வரணும் செல்வி

அன்புள்ள செல்விக்கு,

நல்லா இருக்கியா, பசங்க ஸ்கூல் போறாங்களா? இங்க மழை ஏமாத்திடுச்சு, கேழ்வரகு கதிர் பாதி பதராப் போச்சு, அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே தான் இருக்கு.

நவீன அடிமைத்தனம், அதாவது ஆளுங்கள மடக்கி வச்சு கட்டாயமா வேலை வாங்கறது பத்தி, உங்க கிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர் கேள்வித்தாள் அனுப்பிருக்காங்க, எங்க யூனிட்ல அப்படி யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா போதுமான்னு கேட்டிருந்தல்ல, போதாது டி. உங்க திருப்பூர் யூனிட்ல கட்டிங், டெய்லரிங், செக்கிங் எல்லாம் உன் கண்ணு முன்னாடி நடக்குது, பிஎஃப் இஎஸ்ஐ கட்றீங்க, அதைக் காட்டிடலாம். ஆனா அந்தத் துணிக்கு நூல் வருதே, அது எந்த மில்லு நூலுன்னு உனக்கே தெரியுமா?

நீ பாலிடெக்னிக் சேந்த வருஷம் தான் நான் மில்லுக்குப் போனேன், 2006. பக்கத்து ஊர் புரோக்கர் அக்கா வந்து, மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு 40 ஆயிரம் மொத்தமா வரும், சுமங்கலித் திட்டம்னு நோட்டீஸ் காட்டுச்சு, அப்பா கையில 3 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்துச்சு, அவ்ளோதான், பெட்டி கட்டிட்டோம். ரிங் பிரேம்னு நூல் நூக்கற மெஷின்ல ஒரு பக்கத்தைப் பாத்துக்கற வேலை. ஷிப்ட் முடிஞ்சு வந்தா கண்ணிமை மேல பஞ்சு வெள்ளையா ஒட்டிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் போன், பக்கத்துலயே வார்டன் நிப்பாங்க, நல்லா இருக்கேன்மான்னு மட்டும் தான் சொல்ல முடியும். ஆடிட் வந்த அன்னிக்கு எல்லாருக்கும் புது மாஸ்க் குடுத்தாங்க, வயசு கம்மியான பொண்ணுங்கள ஹாஸ்டல் மாடிக்கு அனுப்பிட்டாங்க, சாயந்திரம் மாஸ்க்கையும் திருப்பி வாங்கிட்டாங்க.

ரெண்டு வருஷம் எட்டு மாசத்துல எனக்கு மஞ்சக்காமாலை வந்து வீட்டுக்கு அனுப்பினாங்க, கான்ட்ராக்ட் முடியலன்னு அந்த 40 ஆயிரத்துல ஒரு ரூபா வரல. அது என்னமோ அவங்க குடுக்கற பரிசுன்னு நெனச்சு நான் அழுதுட்டு விட்டுட்டேன், மாசாமாசம் எனக்குக் குடுக்காம வச்சுக்கிட்ட என் சம்பளம் தான் அதுன்னு புரியவே பல வருஷம் ஆச்சு. மினிமம் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புன்னு 1982-லயே ஏசியாட் கேஸ்ல, அதான் டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டட வேலை செஞ்சவங்களோட கேஸ்ல, சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்தாச்சு. எங்க ஊர்ல யாருக்குத் தெரியும் அதெல்லாம்?

வெளிநாட்டுச் சட்டத்துலயும் ஓட்டை இருக்கு டி. இங்கிலாந்து 2015 சட்டப்படி பெரிய கம்பெனிங்க வருஷா வருஷம் ஒரு அறிக்கை விடணும், ஆனா அதுல நாங்க எந்த நடவடிக்கையும் எடுக்கலன்னு எழுதினாலும் செல்லும். ஜெர்மனில 2023-ல வந்த சட்டத்துல கூட நேரடி சப்ளையர் வரைக்கும் தான் கட்டாயமா பாக்கணும், அதுக்குக் கீழ பிரச்சனை இருக்குன்னு தெரிய வந்தா தான் தோண்டணும். நூல் மில்லு எப்பவும் அதுக்குக் கீழ தான இருக்கு.

அதனால நீ நூல் எந்த மில்லுன்னு முதல்ல எழுதி வாங்கு. சம்பளம் போடற ஏடிஎம் கார்டு அந்த மில்லுப் பொண்ணுங்க கையில இருக்கான்னு பாரு, புரோக்கர் கமிஷன் யாரு தலையில விழுதுன்னு கேளு, இப்ப ஒடிசா, ஜார்க்கண்ட் பொண்ணுங்களும் வர்றாங்களே, அவங்க கிட்ட அவங்க பாஷையில கேக்க ஆள் கூட்டிட்டுப் போ. உங்க பையர் கிட்டயும் சொல்லு, ரேட்டை அடிச்சு கொறச்சுட்டு நாள் கெடுவையும் கொறச்சா அந்த நெருக்கடி கடைசில ராத்திரி ஷிப்ட் பாக்கற பொண்ணு மேல தான் விழும்.

ஹாஸ்டலுக்குள்ள வச்சு கேட்டா எவளும் வாய் திறக்க மாட்டா, நானே திறக்கல. பாதில வந்துட்ட பொண்ணுங்க சித்தேரி பக்கம், ஊத்தங்கரை பக்கம் எல்லாம் இருக்காங்க, அவங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து கேட்டா எல்லாம் வரும். எங்க தெருக் கோடி வீட்டுக்கும் போன வாரம் ஒரு புரோக்கர் வந்துட்டுப் போயிருக்கான், அந்தப் பொண்ணு பத்தாவது முடிச்சிருக்கா, நான் அவங்க அம்மா கிட்ட பேசிட்டு இருக்கேன், நீ வந்து சொன்னா இன்னும் கேப்பாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு தான? மொரப்பூர்ல இறங்கு, நான் வண்டி எடுத்துட்டு வந்து நிக்கறேன்.

உன்
மல்லிகா