நாயை அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் அண்மையில் நடந்த ஒரு நாய்க் கண்காட்சியில், அல்சேஷன் பிரிவுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பைப் பற்றி எழுதுகிறேன். பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறார் என்று சிலர் நினைக்கலாம். கோபம் இருக்கிறதுதான். ஆனால் எங்கள் நாய் எதனால் பின்னுக்குப் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லையே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அல்சேஷன் வளர்க்கிறோம். இப்போதிருக்கும் கடுவனுக்கு மூன்று வயது. கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் 63 சென்ரிமீற்றர் உயரம், 34 கிலோ எடை. முன்பு கொழும்பில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த நடுவர் உதட்டை விலக்கிப் பல்வரிசையைப் பார்த்தார், விதை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார், முக்கோணமாக ஓடவிட்டு நடையைக் கவனித்தார். முதுகு உறுதியாக இருக்கிறது என்று சொல்லி வகுப்பில் முதலாவதாக நிறுத்தினார். இங்கே வந்த நடுவரோ அதே முதுகைக் காட்டி, "தட்டையாக இருக்கு, பின்பக்கம் இன்னும் சரிய வேணும்" என்றார். உயரமும் போதாதாம். முதலிடம் பெற்ற நாய் எங்கள் கடுவனைவிட மூன்று விரல் உயரமாகத் தெரிந்தது. நாயை ஓட்டிய என் மகள் மரியாதையாகத்தான் காரணம் கேட்டாள். "பெரிய நாய்தான் பிள்ளை கம்பீரம்" என்று பதில் வந்தது.

கம்பீரம் ஆளுக்கு ஆள் வேறுபடலாம், உயரம் அப்படி அல்ல. பெல்ஜியத்தில் தலைமையகம் உள்ள எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் வளர்ப்பு அமைப்பு, ஒவ்வோர் இன நாயும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நியமம் வெளியிடுகிறது. அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்ட்டுக்கு உரியது 166 ஆம் இலக்கம். அதன்படி கடுவன் 60 முதல் 65 சென்ரிமீற்றர், பெட்டை 55 முதல் 60. இந்த எல்லையை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தாண்டினால் அந்த நாய்க்குத் தகுதியே இல்லை. முதலிடம் பெற்ற நாய் எல்லைக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்று முழுவதும் ஒரு நாயைக்கூட யாரும் அளக்கவில்லை.

முதுகு விடயமும் அப்படித்தான். தோள்மேட்டிலிருந்து நேரான முதுகு வழியாக, மெல்லச் சரியும் பின்னிடுப்புவரை முறிவில்லாமல் போக வேண்டும் என்பதே நியமம். மெல்ல என்பதை மறந்து சரிவை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் பார்த்தார்கள். 2016 இல் அங்கே கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய்க் கண்காட்சியில் பின்பக்கம் கடுமையாகச் சரிந்த ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் தன் இனத்தில் முதலிடம் பெற்றது. தொலைக்காட்சியில் அதன் நடையைப் பார்த்த மக்கள் கொதித்துப்போனார்கள். அதற்கு முன்பே, 2012 இல், அதே கண்காட்சியில் இனத்துக்கு இனம் முதலிடம் பெற்ற நாய்கள் சிலவற்றை மிருக வைத்தியர்கள் சோதித்தபோது, புல்டோக், பெக்கினீஸ் உட்பட ஆறு நாய்கள் தேறவில்லை. நடுவர் மிகச் சிறந்தது என்று தெரிந்தெடுத்த நாய்கள் அவை!

லாப்ரடோர் பிரிவிலும் குழப்பம். கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கடுவன் 57 சென்ரிமீற்றர். சிறியது என்று ஒதுக்கப்பட்டது. இங்கிலாந்து நியமமும் எஃப்.சி.ஐ. நியமமும் கேட்பது 56, 57 தான். அமெரிக்க நியமம் 62 வரை போகும். எந்த நியமத்தை வைத்துப் பார்க்கிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவர் அன்று நாயை வாகனத்தில் ஏற்றியே இருக்கமாட்டார்.

இது கிண்ணத்தோடு முடிகிற காரியமென்றால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். பரிசு பெற்ற கடுவனிடம்தான் எல்லோரும் தங்கள் பெட்டையைக் கொண்டுபோகிறார்கள். "சம்பியனின் குட்டி" என்று சொன்னால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தும் வாங்குகிறார்கள். அளவுக்கு மிஞ்சிய உடம்பும் வலுவில்லாத பின்கால்களும் குட்டிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. இடுப்பு மூட்டு பழுதான ஒரு அல்சேஷன் காலையில் படுக்கையிலிருந்து எழும்பப் படும் பாட்டை நான் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பார்த்திருக்கிறேன். அதுவும் நம் ஊர் வெக்கையில், இரட்டை மயிர்ப்போர்வையோடு, தேவையில்லாத ஐந்தாறு கிலோவையும் அது சுமக்க வேண்டும்.

நடுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முகக்களை, நடையின் அழகு, சுபாவம் இவற்றில் இரண்டு நல்ல நடுவர்கள்கூட வேறுபடலாம். அதனால்தான் இங்கிலாந்தில் சம்பியன் பட்டத்துக்கு மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அளக்கக்கூடியதை அளக்காமல் விடுவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஐரோப்பாவில் எஃப்.சி.ஐ. கண்காட்சிகளில் ஒவ்வொரு நாயைப் பற்றியும் நடுவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, அந்தத் தாளை உரிமையாளரிடம் கொடுப்பது வழமை. இங்கே நாலு வரி போதும், தமிழில். பல், உயரம், முதுகு, நடை. தோற்றவரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த இணையை எங்கே தேடுவது என்று யோசிப்பார். நடுவர் தான் வளர்த்து விற்ற குட்டிக்குத் தானே தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்குவதும் அவசியம். எங்கள் வட்டம் சிறியது, யாருடைய குட்டி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மிருக வைத்தியர் ஒருவர் வாசலில் நின்று தடுப்பூசி அட்டையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முதலிடம் பெறும் நாய்களின் மூச்சையும் காலையும் சோதித்த பிறகு கிண்ணத்தைக் கொடுக்கலாம்.

அடுத்த கண்காட்சிக்கான விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகுமுன் ஏற்பாட்டாளர்கள் கூடி இவற்றைப் பேச வேண்டும். எந்த நியமம் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே போடட்டும். உயரம் அளக்கும் கோல் கிடைக்கவில்லை என்றால் என் செலவில் செய்து தருகிறேன். எங்கள் ஊரில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள், ஒரு கிழமைக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
அல்சேஷன் வளர்க்கும் ஒரு வாசகி,
ஆரையம்பதி