செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் பாஸிங் ஆட்டம் எங்கே வந்து நிற்கிறது

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பயிற்சியாளர்களுக்கும், பெற்றோர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பழைய ஆட்டக்காரர்களுக்கும் வணக்கம். கோவையில் இயங்கும் நம் கால்பந்துக் கழகத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. கோல் வலைகள் மாற்றப்பட்டன. கோடை முகாமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடந்தன. மாவட்ட லீக்கில் நாம் இருந்த பிரிவிலேயே தொடர்கிறோம். மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. இந்த ஆண்டு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று.

நம் பையன்கள் நன்றாக ஓடுவார்கள், மோதுவதற்குத் தயங்கமாட்டார்கள், தொடர்ந்து நாலு பாஸ் மட்டும் போட வராது. ஊரில் நம் அணியைப் பற்றிய பேச்சு பல காலமாக இதுதான். பின்வரிசையில் இருந்து தூக்கி அடிப்பது, முன்னால் நிற்கும் உயரமான ஆள் தலையால் முட்டுவது, கீழே விழும் பந்துக்கு எல்லோரும் பாய்வது. சேறான கிரவுண்டில் இது பலன் தந்தது. பந்தைக் காலில் வைத்து ஆடத் தெரிந்த அணி எதிரே வந்தால், இரண்டாம் பாதியில் நம்மவர்கள் பந்தைத் துரத்தியே களைத்துப்போவார்கள். கடைசி இருபது நிமிடத்தில் நாம் வாங்கும் கோல்களுக்கு உடல்தகுதிக் குறை காரணம் இல்லை. பந்து நம்மிடம் இல்லாததுதான் காரணம்.

ஏன் வரவில்லை? முதல் காரணம் தரை. வடகிழக்குப் பருவமழையில் நம் செம்மண் கிரவுண்டு சேறாகும். அதன்மேல் ஆடுவார்கள், பைக் ஓட்டுவார்கள். வெயில் வந்ததும் அந்தத் தடங்கள் எல்லாம் அப்படியே இறுகிவிடும். தரையோடு வரும் பாஸ் காலடிக்கு வருவதற்குள் முழங்கால் உயரத்துக்கு எகிறும். அதை நிறுத்தவே ஒரு நொடி போய்விடும், அதற்குள் எதிராளி மேலே வந்துவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் ஆகாயத்தில் அடிப்பதுதான் பாதுகாப்பு என்று பத்து வயதிலேயே கால் பழகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம். பின்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கினால் போதும், "அடிடா, அடி" என்று நாலாபுறமும் சத்தம். வந்த பயிற்சியாளர்கள் எல்லோருமே தரையில் ஆட வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். இரண்டு ஆட்டம் தோற்றதும் அழுத்தம் தாங்காமல் பழைய வழிக்குத் திரும்பினார்கள். சிறுவர் போட்டிகளில் கோப்பை வேண்டும் என்பதற்காக வளர்த்தியான பையன்களையே இறக்குவோம். சின்ன உடம்பும் நல்ல பார்வையும் உள்ள பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தே ஆட்டத்தை விட்டுப் போனார்கள். மிட்ஃபீல்டில் இன்று நமக்கு ஆள் இல்லாததற்கு இதுவும் காரணம்.

இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் சையத் அப்துல் ரஹீம் காலத்தைப் பார்க்க வேண்டும். ஒரே தொடுதலில் பந்தை நகர்த்தும் ஆட்டத்தை வலியுறுத்திய பயிற்சியாளர் அவர். அவருடைய இந்திய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கியது. அன்று கோலில் நின்ற பீட்டர் தங்கராஜ், நமக்கு மேலே மலையில் இருக்கும் வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் ஆடியவர். அந்த அணி 1955இலும் 1958இலும் நாட்டின் பழைய கால்பந்துப் போட்டியான டியூரண்ட் கோப்பையை வென்றது.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், நம்மில் பலர் நேரு ஸ்டேடியத்தில் கண்ணால் பார்த்ததே இருக்கிறது. 2018–19இல் ஐ-லீக் என்ற தேசிய அளவிலான போட்டியில் சென்னை சிட்டி அணி கோவையைத் தாய்மைதானமாக வைத்துக்கொண்டு ஆடியது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் ஆகிய வெளிநாட்டு வீரர்களுடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று தமிழ்நாட்டுப் பையன்களும் அதே ஆட்டத்தை ஆடினார்கள். கடைசி நாளில் மினர்வா பஞ்சாப் அணியிடம் முதலில் ஒரு கோல் வாங்கியும் பதறாமல் ஆடி, 3–1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுச் சாம்பியன் ஆனார்கள். பின்தங்கியிருந்தபோதும் அவர்கள் தூக்கி அடிக்கத் தொடங்கவில்லை. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அதைத்தான்.

சரி, இந்த ஆண்டு என்ன செய்தோம்? பாஸ் கொடுப்பவரைத் திருத்துவதை விட்டுவிட்டு, வாங்குபவரில் இருந்து தொடங்கினோம். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, உடம்பைப் பக்கவாட்டில் திறந்து நிற்பது, எதிர்க்கோலுக்குப் பக்கமான காலில் வாங்குவது. பந்து கொடுத்தவர் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்காமல் அடுத்த பாஸுக்கு முக்கோணம் அமையும் இடத்துக்கு நகர்வது. நாலு பேர் சுற்றி நிற்க, இரண்டு பேர் நடுவில் பந்தைப் பறிக்கும் ரோண்டோ இல்லாமல் எந்தப் பயிற்சியும் தொடங்கவில்லை. பெரிய ஆட்டத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்து ஆட்டமே வைத்தோம். அதில் ஒவ்வொரு பையனுக்கும் பந்து கிடைத்துக்கொண்டே இருக்கும், ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

எதிரணியின் காலில் பட்டு நம் கோல் பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் அடிக்கும் கோல் கிக்கிலும் பழக்கத்தை மாற்றினோம். 2019இல் விதி மாறியதில் இருந்து, கோல் கிக்கைப் பெனால்டி பாக்ஸுக்குள் நிற்கும் நம் ஆளே வாங்கலாம். பந்து அடிக்கப்படும்வரை எதிரணி வெளியேதான் நிற்க வேண்டும். உலகமே பயன்படுத்தும் அந்த இடத்தை நாம் இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறோம். இதனால் லீக்கில் சில கோல்கள் வாங்கினோம் என்பது உண்மை. பாக்ஸ் ஓரத்தில் பந்தைப் பறிகொடுத்துத் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நம் கோல்கீப்பர் இரண்டு நாள் பயிற்சிக்கே வரவில்லை. பயிற்சியாளர் வீட்டுக்கே போய் அழைத்து வந்து, அடுத்த ஆட்டத்திலும் அதே மாதிரி ஆடச் சொன்னார். அவருடைய அந்த உறுதிக்கு இந்தப் பொதுக்குழு நன்றி தெரிவிக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்றால், தெரிகிறது. லீக்கின் பின்பாதியில் ஓர் ஆட்டத்தில் நம் கோல்கீப்பரிடம் தொடங்கிய பந்து, ஒரு முறைகூட ஆகாயத்துக்குப் போகாமல் இடது ஓரம் வழியாக எதிர்க்கோலுக்குள் போனது. எதிரணியின் பயிற்சியாளரும் கைதட்டினார். 14 வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி இன்னும் ஒரு படி மேலே ஆடுகிறது. அவர்களுக்குத் தூக்கி அடிக்கும் பழக்கமே இல்லாததால் முதல் நாளில் இருந்தே தரையில் ஆடக் கற்றார்கள். பையன்கள் அவர்களுடைய பயிற்சியை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் முன்வரிசை இன்னும் திணறுகிறது. மைதானத்தின் நடுப்பகுதிவரை அழகாக வரும் பந்து, எதிர்க்கோலை ஒட்டிய கடைசி மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அவசரத்தில் தொலைந்துபோகிறது. அடுத்த ஆண்டின் வேலை அங்கேதான்.

பொதுக்குழுவிடம் மூன்று கோரிக்கைகள். மழை முடிந்ததும் கிரவுண்டை உழுது, மண் நிரவி, ரோலர் ஓட்டச் செலவை ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வண்டிகள் உள்ளே வராமல் சங்கிலி போட வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டோர் அணியை இரண்டு ஆண்டுகளுக்குக் கோப்பைக் கணக்கில் இருந்து விடுவித்து, எல்லாப் பையன்களுக்கும் சம நேரம் ஆடக் கொடுக்க வேண்டும். அப்புறம், பெற்றோர்களிடம் அன்பாக ஒரு வேண்டுகோள்: பந்து நம் பின்வரிசையில் இருக்கும்போது ஒன்றும் சொல்லாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளையே பார்க்கட்டும்.

புதிய நிர்வாகக் குழுத் தேர்தல் இந்த அறிக்கைக்குப் பிறகு நடைபெறும். யார் பொறுப்புக்கு வந்தாலும் இதே பயிற்சியாளரையும் இதே முறையையும் தொடர வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்